அளக்காத மனையில் அஸ்திவாரம்

மனை வாங்கிய அன்பர்களே, ஒன்று கேட்கிறேன்: உங்கள் மனை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று, தரகர் பக்கத்தில் இல்லாமல் உங்களால் காட்ட முடியுமா? கட்டடப் பொறியாளன் என்பவன், பிறர் முடிவு செய்த இடத்தில் சுண்ணாம்புப் பொடியால் கோடு போடுகிறவன். அப்படி நான் போட்ட ஒரு கோட்டின் வரலாறு இது.

குருபலம்

திருவாதவூர்ப் பக்கம் புதிதாகப் பிரித்த மனைகளில் ஒன்று சுந்தரம், கோமதி தம்பதியருடையது. அவர் கூட்டுறவுச் சங்க எழுத்தர், அம்மையார் ஆசிரியை. அவனியாபுரத்தில் அவர்கள் குடியிருந்த வாடகை வீட்டைத் தைக்குள் காலி செய்யச் சொல்லியாகிவிட்டது. அதற்குள் புதுவீடு எழும்பியாக வேண்டும். மனையிலோ ஆளுயரச் சீமைக்கருவேலம்.

முதலில் சர்வேயரை வைத்து அளப்போம் என்றேன். மனையைக் காட்டியபோது தரகர் ஒரு வேப்பமரத்தை நோக்கிக் கை நீட்டியதே சுந்தரத்துக்குப் போதுமான ஆவணமாக இருந்தது.

“அவர் வர ஒரு வாரம் ஆகும் சார். முகூர்த்தம் வெள்ளிக்கிழமை. குருபலம் சர்வேயருக்காகக் காத்துக் கெடக்குமா?”

கூடுதல் சேவை

ஜேசிபி ஓட்டுநர் அரை நாளில் கருவேலத்தை வேரோடு அகற்றினார். பொய் சொல்லத் தெரியாத சாட்சிகள் அந்த நிலத்தில் சில இருந்தன. அவை எல்லைக் கற்கள். மாலையில் நான் போனபோது எல்லாம் ஓரத்தில் ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தன.

“இடைஞ்சலாக் கெடந்த கல்லு அம்புட்டையும் புடுங்கி அடுக்கிட்டேன்ணே. இதுக்குத் தனியா ஒண்ணும் தர வேணாம்.”

மூலை

வெள்ளியன்று சுந்தரம் வேப்பமரத்திலிருந்து காலடியால் எண்ணி வந்து, “இதான்” என்று நின்றார். நான் வாயால் எச்சரித்தேன். கையால் கோடு போட்டேன். கூலிக்கு உழைப்பவனின் மனசாட்சி பெரும்பாலும் வாயோடு நின்றுவிடுகிறது. கோமதி அம்மையார் மட்டும், “இது நம்ம இடந்தானா சாமி?” என்று, பூஜை செய்ய வந்த சாஸ்திரிகளைக் கேட்டார். அவர் செங்கல்லுக்கு மஞ்சள் தடவியபடி நிதானமாகச் சொன்னார்:

“ஈசானிய மூலை எதுன்னு எனக்குத் தெரியும்மா. எடம் யாரோடதுங்கறது நீங்க பாத்துக்க வேண்டிய விஷயம்.”

விருந்தாளி

ஒன்பது குழிகள் தோண்டி, கம்பி கட்டும் நாளில் பேரையூரிலிருந்து ஒருவர் வந்தார். மனைகளை அளந்தபோது உடன் நின்றவர். நாங்கள் குழி தோண்டியிருக்கும், மின்கம்பத்திலிருந்து இரண்டாவது மனை தன்னுடையது, மூன்றாவதுதான் சுந்தரத்துடையது என்று பத்திரத்தையே விரித்துக் காட்டினார். சுந்தரம் வேப்பமரத்தைப் பார்த்தார். மரம் ஒன்றும் சொல்லவில்லை. வந்தவர் குழிகளைச் சுற்றி வந்து ஆழம் பார்த்தார்.

“குழியை மூட வேணாம்ணே. எனக்கும் இதே அளவு வீடுதான். அஸ்திவாரத்தையும் முடிச்சுக் குடுத்துட்டுப் போங்க.”

தை

குருபலம் காத்திருக்கவில்லை, இப்போது கூப்பிட்ட சர்வேயர் மட்டும் சொன்னபடி ஒரே வாரத்தில் வந்து மூன்றாவது மனையில் கல் நட்டார். பேரையூர்க்காரருக்கு இலவச அஸ்திவாரம் தர மனமில்லாமல் பழைய குழிகளை மூடுவதிலும், மூன்றாவது மனையில் மறுபடி தோண்டுவதிலும் மாதம் கரைந்தது. தைக்குள் வீடு எழும்பாது என்பதை நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கோமதி அம்மையார் அளவு நாடாவின் ஒரு நுனியை இறுகப் பிடித்துக்கொண்டு, கணவரைத் திரும்பிப் பாராமலே சொன்னார்:

“வீட்டுக்காரர்ட்ட இன்னும் ரெண்டு மாசம் டயம் கேளுங்க. நல்ல நேரம் பாக்க வேணாம், இப்பவே கெளம்புங்க.”

நல்ல நேரம் ஊருக்கே பொது, நிலம் அப்படியல்ல என்பதால், என்னைப் போலவும் அவர்களைப் போலவும் அவதிப்படக் காத்திருக்கும் அன்பர்களே, தாலுகா அலுவலகத்தை இன்று மாலை பூட்டுவதற்குள் நில அளவைக்கு ஒரு மனுக் கொடுத்துவிட்டு வாருங்கள்.