இரண்டு ஓடிலோன்கள்

மெய்ன் மாநிலத்தின் வடகோடியில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள் ரோஸெல்லா சீர். அந்தக் கோடையில் சீர் குடும்பத்தார் எல்லாரும் ஒன்றுகூடுவதாக இருந்தது. வம்சாவளி எழுதும் வேலை அவள் தலையில் விழுந்தது. விடுமுறைதானே என்று ஊர் அலுவலகத்துக்குப் போய்ப் பிறப்பு, இறப்புப் பதிவேடுகளைப் புரட்டிக்கொண்டிருந்தாள். அங்கே எழுத்தராக இருந்த ஜெனீவ் அவளோடு ஒன்றாகப் படித்தவள்.

"ஏய், உங்கப்பா ஏழு மாசத்துலயே போய்ச் சேர்ந்துட்டாராம்டி! எழுதியிருக்கு பாரு."

1937 அக்டோபர். ஓடிலோன் சீர், கக்குவான் இருமல். ரோஸெல்லாவுக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் 1939 ஆகஸ்டு ஒன்பதில் அதே தாய்க்கும் தகப்பனுக்கும் இன்னொரு ஓடிலோன் பிறந்திருந்தான். அப்போது சிரிப்பு நின்றுபோயிற்று. செத்த பிள்ளையின் பெயரைத்தான் அடுத்த பிள்ளைக்கு வைத்திருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது பாட்டி கொடுத்தது மூத்தவனின் ஞானஸ்நானச் சீட்டாகத்தான் இருக்க வேண்டும். அப்பா இத்தனை காலம் கொண்டாடியது அண்ணனின் பிறந்தநாளை.

வீட்டில் ஓடிலோன் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தார். எப்படிச் சொல்வது என்று யோசித்து யோசித்து, கடைசியில் பதிவேட்டின் நகலை அவர் முன்னால் வைத்தாள். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு இரண்டு முறை படித்தார்.

"அப்போ எனக்கு எண்பத்திநாலு இல்லையா?"

"எண்பத்தொண்ணுப்பா. அடுத்த மாசம்தான் எண்பத்திரண்டு."

கத்தியைக் கீழே வைத்தார். "பதினாறு வயசுன்னு சொல்லி என்னை மரம் வெட்டுற கூடாரத்துக்கு அனுப்பினாங்க. ரம்பத்தோட அந்தப் பக்கம் பிடிச்சவன் என்னைச் சோப்ளாங்கி, சோப்ளாங்கின்னே கூப்பிட்டான். நானும் அப்படித்தான்னு நம்பிட்டேன்." நகலை மறுபடி எடுத்துப் பார்த்தார். "பதினாலு வயசும்மா எனக்கு. பதினாலு கூட முழுசா முடியல."

ரோஸெல்லா அவர் தோளில் கை வைத்தாள். பாட்டி மேல் கோபமா என்று கேட்டாள்.

"அவ மேல எதுக்கு? பெத்த பிள்ளையைப் புதைச்சிட்டு வந்தவ. அந்தச் சீட்டைக் கிழிக்க மனசு வந்திருக்காது."

குழந்தைக்குக் கல்லறையில் கல் இல்லை. பாதிரியாரிடம் கேட்டு, வேலியோரத்தில் இடத்தைக் கண்டுபிடித்தார்கள். சிறிய கல்லில் என்ன எழுதுவது என்று கல் செதுக்குகிறவர் கேட்டார். "என் பேரையே எழுதுங்க. அது அவனோடதுதான்" என்றார் ஓடிலோன்.

ஆகஸ்டு ஒன்பதாம் தேதி ரோஸெல்லா கேக் செய்து ஜெனீவையும் அழைத்திருந்தாள். மெழுகுவத்தியை ஊதியதும் ஓடிலோன், கேக் வெட்டக் கத்தி எடுத்த ஜெனீவைப் பார்த்துச் சொன்னார்: "சோப்ளாங்கிக்கு ஒரு துண்டு பெருசா வெட்டும்மா."