விரியன் எலும்பு

பொனாரியா எங்கள் ஊர் ஆட்டுக்காரி. சார்தீனியாத் தீவின் கிழக்கு மலையில் அவள் நுழையாத குகை கிடையாது. இருபத்திரண்டு வயதில் ஒரு குகையில் கல்லாய் இறுகிய யானைப்பல்லைக் கண்டெடுத்தாள். ஆதிகாலக் குட்டை யானையின் பல் அது, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். இத்தாலியக் கரையிலிருந்து வந்திருந்த புரொபசர் வெத்ஸானியிடம் அதைக் கொடுத்து, குகையையும் காட்டினாள்.

அடுத்த வருஷம் பத்திரிகையில் அவர் படம் வந்தது. கண்டெடுத்தவரும் அவரே என்று போட்டிருந்தது. ஊர்ச் சதுக்கத்தில் அவரை வழிமறித்துக் கேட்டாள்.

"ஆடு மேய்க்கிறவளுக்கு ஆனைப்பல்லப் பத்தி என்னம்மா தெரியும்? போ, போய்ப் பாலைக் கற."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் தம்பி தோரேயும் சிரித்தான்.

பதினோரு வருஷம் அவள் அதை மறக்கவில்லை.

எங்கள் தீவின் மிருகங்களெல்லாம் ஆதியில் தரைவழியாக நடந்து வந்தவை என்பது வெத்ஸானியின் வாதம். கடல் தாழ்ந்து இடைவெளி குறுகிய காலத்தில் நீந்த முடிந்தவை மட்டுமே வந்தன என்றார்கள் மற்றவர்கள். "நடந்து வந்திருந்தால் விரியன் பாம்பு ஏன் வரவில்லை?" என்று மடக்கினார்கள். எங்கள் தீவில் விரியன் கிடையாது.

கப்பல் வேலைக்குப் போன தோரேயிடம் பொனாரியா அக்கரையிலிருந்து செத்த விரியன் ஒன்று கேட்டாள்.

"எதுக்குக்கா இந்தச் சனியன்?"

"ஒருத்தருக்கு விருந்து வைக்கணும். அன்னிக்கு சிரிச்சேல்ல, கொண்டா."

தலையை வெட்டி ஜாடியில் வைத்துக்கொண்டாள். உடலை எறும்புப் புற்றில் போட்டாள். மிஞ்சிய எலும்பைச் செம்மண்ணில் ஊறவைத்து, வெத்ஸானி தோண்டும் குகையில் அழுத்திப் புதைத்தாள்.

அவர் கண்டெடுத்தார். அவசரம், சோதிக்கவில்லை. எங்கள் ஊர் மண்டபத்திலேயே கூட்டம் போட்டு, விரியனும் நடந்தே வந்திருக்கிறது என்று அறிவித்தார். கைதட்டல் அடங்கியதும் பொனாரியா எழுந்து ஜாடியை மேஜைமேல் வைத்தாள்.

"உடம்பு உங்ககிட்ட இருக்கு புரொபசர். தலை இதோ. இப்பச் சொல்லுங்க, நடந்தா வந்துச்சு? கப்பல்ல என் தம்பி கொண்டாந்தான்."

மண்டபமே சிரித்தது. அவர் தொப்பியைக்கூட எடுக்காமல் வெளியேறினார். மறுபடி தீவுக்கு வரவில்லை.

ஆனால் அவர் பெயரில் இருந்த எல்லாவற்றையும் மியூசியம் சந்தேகப் பட்டியலில் தள்ளியது. யானைப்பல்லும் அதில் போனது. சேதி வந்ததும் பொனாரியாவைப் பார்க்கப் போனேன். வருத்தமா என்று கேட்டேன்.

"பல்லு போச்சு, வருத்தந்தான்," என்றாள். "ஆனா அந்தாளு மூஞ்சி போன போக்கைப் பார்த்தேனே! இன்னொரு பாம்பு கெடச்சா இன்னொரு தடவையும் செய்வேன்."