புல்லுக்கு வாங்கிய ரப்பர் தோட்டம்

பிரிக்பீல்ட்ஸில் எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பால் ஊற்றியவர் அவர். மெலிந்த கறுத்த உடம்பு, காதில் சிவப்புக் கடுக்கன். யாரைக் கண்டாலும் அவரவர் ஊர் நில விலையை விசாரிப்பார். யாழ்ப்பாணத்தவனான என்னிடம், "உங்க ஊர்ல ஒரு பரப்பு நிலம் என்ன விலைங்கய்யா?" என்பார்.

ரப்பர் விலை சரிந்த வருஷம், கிள்ளான் பக்கத்துத் தோட்டங்களை வந்த விலைக்குத் தள்ளிவிட்டுச் சனங்கள் சொந்த ஊருக்குக் கப்பல் ஏறினார்கள். இவரோ தஞ்சாவூரில் இருந்த நஞ்சையை விற்று, அதே பக்கத்துக் காப்பாரில் ஆறு ஏக்கர் ரப்பர் தோட்டம் வாங்கினார். பூர்வீக மண்ணை விற்றவன் என்று சொந்தபந்தம் காறித் துப்பியது.

"ரப்பர் இனி எழும்பாது. விசரே உமக்கு?" என்றேன்.

அவர் சிரித்தார். "ரப்பர் யாருக்கு வேணும்? மரத்தை வெட்டிட்டுப் புல்லு போடப்போறேன். ஊர்ல நெல்லு விலை இன்னும் விழல. மூணு மா, ஒரு ஏக்கர்தான், அதை வித்த காசுக்கு இங்க ஆறு ஏக்கருங்கய்யா! லண்டன்ல ரப்பர் விழுந்துட்டா என் மாட்டுக்குப் பசிக்காதா?"

மறு வருஷம் அவருடைய ஒரு பால் வண்டி மூன்றானது. துப்பியவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கும் அவர் பால்தான். தினமும் பத்திரிகையில் ரப்பர் விலையைத்தான் முதலில் படிப்பேன் நான். அந்தப் புல் மட்டும் ஏன் என் கண்ணில் படவேயில்லை?