சம்பந்திகளும் இரண்டு வால்வுப் பெட்டிகளும்

சம்பந்திகள் சண்டை போட ஆயிரம் காரணம் கிடைக்கும். கண்ணாடிக்கடை அம்மாவுக்கும் அவருடைய மாப்பிள்ளையைப் பெற்றவருக்கும் கிடைத்த காரணம் மட்டும் யாரும் கேள்விப்படாதது. இசைத்தட்டின் ஒலியை எந்த இடத்தில் வைத்துச் சரிசெய்வது என்பதுதான் அவர்களுடைய தகராறு.

அம்மா கடைத்தெருவில் கண் பரிசோதித்துக் கண்ணாடி போட்டுக் கொடுப்பவர். லென்ஸ் தேய்க்கும் இயந்திரம் ஒருமுறை படுத்துக்கொண்டது. மெக்கானிக் இன்று வருகிறேன், நாளை வருகிறேன் என்று இழுத்தடிக்க, பொறுமை போய் அவரே திறந்து ஈயம் பற்றவைத்தார். இயந்திரம் ஓடிவிட்டது. அன்று பிடித்த கிறுக்கு அவரைப் பழைய சாமான் கடையில் கிடந்த ஒரு ப்ரீஆம்பில் கொண்டுபோய் விட்டது. இசைத்தட்டு முள்ளின் மெல்லிய ஒலியை வாங்கிப் பெருக்கித் தருகிற வால்வுப் பெட்டி அது. வால்வின் கண்ணாடிக் குழாய்க்குள் இழை சிவந்து எரிவதைப் பார்த்தவர் அப்படியே மயங்கிப்போனார்.

சம்பந்தி கப்பலில் ரேடியோ ஆபரேட்டராக இருந்து ஓய்வுபெற்றவர். அவரிடமும் அதே காலத்து வால்வுப் பெட்டி ஒன்று இருந்தது. இது தெரிந்த நாளில் இரண்டு பேரும் கல்யாணப் பேச்சையே மறந்துவிட்டார்கள். பிள்ளைகள் இருவரும் ஓரமாக உட்கார்ந்து கொட்டாவி விட்டதுதான் மிச்சம்.

இளசுகள் புதுவீடு பார்த்ததும்தான் வினை வந்தது. கூடத்தில் ஒரு மூலை காலியாக இருந்தது. என் பெட்டிதான் அங்கே போகவேண்டும் என்று இருவரும் ஒற்றைக்காலில் நின்றார்கள்.

இசைத்தட்டில் பாட்டைப் பதியும்போது கனத்த ஒலிகளைக் குறைத்துவிடுவார்கள். இல்லையென்றால் பள்ளம் அகன்று இடத்தையெல்லாம் அடைத்துக்கொள்ளும். கீச்சொலிகளைத் தூக்கிவிடுவார்கள், அப்போதுதான் முள் உரசுகிற இரைச்சலுக்கு மேலே அவை கேட்கும். திரும்ப ஒலிக்கும்போது குறைத்ததை ஏற்றி, ஏற்றியதைக் குறைக்க வேண்டும். இந்தச் சரிக்கட்டலுக்குத்தான் ஈக்வலைசேஷன் என்று பெயர்.

அம்மாவின் பெட்டியில் இந்த வேலை இரண்டு வால்வுகளுக்கு நடுவே நடந்தது. அங்கே சில ரெசிஸ்டர்களும் கப்பாசிட்டர்களும் வடிகட்டிபோல் உட்கார்ந்திருந்தன. சம்பந்தியின் பெட்டியோ வெளியே வரும் ஒலியில் ஒரு பங்கைத் திருப்பி முன்வாசலுக்கே அனுப்பி, தன்னைத்தானே திருத்திக்கொண்டது.

"வடிகட்டினா சத்தம் செத்துப்போகும், சம்பந்தியம்மா. அப்புறம் அதை இழுத்துத் தூக்கணும். கூடவே இரைச்சலும் வரும்."

"வந்தா வரட்டும். உங்க பெட்டி சும்மா சும்மா திரும்பிப் பாக்குதே, எப்பதான் முன்னால போகும்?"

மகளுக்குத் தலையே சுற்றியது. "அம்மா, கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டுப் பாருங்க. எது நல்லா இருக்கோ அது வரட்டும். விடுங்களேன்!"

கடைக்கு விடுமுறை நாளில், கண் பரிசோதிக்கும் அறையிலேயே பந்தயம் ஏற்பாடானது. திரைக்குப் பின்னால் சுவிட்ச் மாற்றும் பொறுப்பு அம்மாவின் கணவருக்கு. அவருக்குப் பாட்டும் தெரியாது, பெட்டியும் தெரியாது. அதனால் இரு தரப்புக்கும் சம்மதம்.

தொடங்குமுன் அம்மா தடுத்தார். "இருங்க. என் பெட்டி கொஞ்சம் சத்தமா பாடுது. குறைச்சு ரெண்டையும் ஒண்ணாக்குங்க."

"உங்களுக்குத்தானே அது லாபம்?" என்று சம்பந்தி ஆச்சரியப்பட்டார்.

"கடையில தினமும் பாக்குறேனே. எழுத்து கொஞ்சம் கறுப்பா தெரிஞ்சா போதும், அந்த லென்ஸ்தான் நல்லதுன்னு அடிச்சுச் சொல்வாங்க. சத்தமும் அப்படித்தான் ஏமாத்தும்."

கனத்த குரல்காரர் ஒருவர் வயலினோடு பாடிய தட்டு சுழன்றது. இருவரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். "இது ஒண்ணு… இது ரெண்டு," என்று திரைக்குப் பின்னாலிருந்து குரல் வர, பிடித்ததை விரலால் காட்ட வேண்டும். மகள் பார்த்து அப்பாவிடம் சொல்வாள். அப்பா வரிசையை மாற்றி மாற்றிப் போட்டார்.

அம்மாவுக்கு ஒன்று உறைத்தது. இது நல்லா இருக்கா, அது நல்லா இருக்கா என்று ஊரையே கேட்டவர் அவர். அவரை இப்படி யாரும் உட்காரவைத்துக் கேட்டதே இல்லை. சுகமாகத்தான் இருந்தது. ஒவ்வொரு முறையும் ஒரு பெட்டியில் மட்டும் வயலின் பளிச்சென்று எழுந்து நின்றது. நம்முடையதுதான் என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டே விரலைத் தூக்கினார்.

கடைசிச் சுற்று முடிந்ததும் திரை குலுங்கியது. உள்ளே அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்.

"என்னப்பா? யாருதுதான் ஜெயிச்சுது?"

"உங்கம்மா ஒரு தடவை விடாம சம்பந்தி பெட்டியைக் காட்டினா. சம்பந்தி ஒரு தடவை விடாம உங்கம்மா பெட்டியைக் காட்டினாரு!"

அம்மாவுக்கு முகம் சிவந்தது. இந்தப் பெட்டிக்காக எத்தனை விடுமுறையைத் தின்றிருப்பார்! சம்பந்தியோ தாடையைத் தடவியபடி கூரையைப் பார்த்தார். மாப்பிள்ளைதான் முதலில் பக்கென்று சிரித்தான். பிறகு யாராலும் அடக்க முடியவில்லை.

"உள்ளதைச் சொல்லணும்னா," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார் அம்மா, "என் பெட்டியோட இரைச்சல் எனக்குப் பழகிப்போச்சு. அது இல்லைன்னதும் வயலின் பக்கத்துல வந்து உக்காந்த மாதிரி இருந்துச்சு."

"எனக்கு அந்த ஆளோட குரல்," என்றார் சம்பந்தி. "என் பெட்டியில அடிக்குரல் இளைச்சுப்போயிடும். ரொம்பக் கீழே போனா திருத்துறதுக்கு அதுக்குத் தெம்பு பத்தாது. இத்தனை நாளா வெளியே சொல்லாம வச்சிருந்தேன்."

பெட்டிகள் அங்கேயே கைமாறின. கூடத்து மூலையைப் பற்றி இருவருமே மறந்துபோனார்கள். மகள் நினைவுபடுத்தவும் இல்லை. அடுத்த வாரமே அங்கே ஒரு செருப்பு அலமாரி வந்துவிட்டது.

இப்போது சம்பந்தி காலையிலேயே போன் போடுகிறார். "சம்பந்தியம்மா, உங்க பெட்டி ரொம்பச் சூடாகுதே, பரவாயில்லையா?"

"பக்கத்துல ஜன்னலைத் திறந்து வைங்க. நேத்து என்ன தட்டு போட்டீங்க?" என்று இவர் ஆரம்பித்தால் கடை திறக்க நேரமாகிவிடும்.

சம்பந்தியின் பெட்டி கடையில் பாடிக்கொண்டிருந்த ஒருநாள், ஒருவர் பரிசோதனைக் கண்ணாடியை மாட்டியபடி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அம்மா லென்ஸை மாற்றி, "இது தெளிவா இருக்கா?" என்று கேட்டார்.

"கொஞ்சம் பொறுங்கம்மா," என்றார் அவர் கண்ணை மூடிக்கொண்டே. "இந்தப் பாட்டு முடியட்டும்."

அம்மாவும் லென்ஸைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.