விற்க மறுத்தவர்

எண்பதுகளின் கடைசியில் ராஜபாளையத்தில் கரண்ட் போகாத நாளே கிடையாது. வீட்டுக்கென்று சின்னதாக ஒரு காற்றாலை வைத்துவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. அதை விற்பவர் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்து மொட்டை மாடியைப் பார்த்தார். நான் வியாபாரம் செய்யும் பேண்டேஜ் துணியில் ஒரு முழம் கேட்டு வாங்கி, ஆன்டெனா கம்பத்தின் உச்சியில் கட்டினார்.

"ஆடி மாசம் வாரேன்" என்று போய்விட்டார்.

சொன்னபடி ஆடியில் வந்தவர், கம்பத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, "உங்களுக்கு இது வேண்டாம் அண்ணாச்சி" என்றார்.

விற்க வந்தவன் வேண்டாம் என்பானா? விலையை ஏற்றத்தான் பிகு பண்ணுகிறார் என்று பட்டது.

"வேற யாருக்கும் பேசி வச்சிருக்கீகளோ?" என்று கேட்டே விட்டேன்.

அவர் கோபப்படவில்லை. மேற்கே கையைக் காட்டினார். என் தென்னந்தோப்பு பேயாட்டம் ஆடிக்கொண்டிருந்தது. கம்பத்துத் துணியோ அப்படியும் இப்படியும் துவண்டு, பிறகு சும்மா தொங்கியது.

"காத்து அம்புட்டையும் மரமே வாங்கிக்கிடுது. இங்க காத்தாடி சுத்தாது."

"மரத்த வெட்டிட்டா?"

"காய்க்கிற மரத்த வெட்டி ரெண்டு லைட்டு எரிக்கணுமா?"

செருப்பை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

அடுத்த வாரம் என் கடைக்கு வந்த மருந்துக்கடைக்காரர் ஒருவர் மலிவு ரகத் துணியை எடுத்தார். "அது நூல் பிரியும், காயத்துக்கு ஆகாது. வேண்டாம்" என்றேன். அப்படி நான் சொன்னது அதுதான் முதல் தடவை.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "வேற யாருக்கும் பேசி வச்சிருக்கீகளோ?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அந்த மனிதருக்கு வரவில்லையே என்று அப்போதுதான் நினைத்துக்கொண்டேன்.