மூன்று மதிப்பெண் தயவு

அந்தக் கடிதம் 2008 மார்ச் மாதத்தில் வந்தது. ஜீன் கோவாரிக் தபால் பெட்டியிலிருந்து அதை எடுத்துவந்து, விதைக் கம்பெனி விளம்பரங்களோடு சேர்த்துச் சமையலறை மேசைமேல் போட்டுவிட்டு டிராக்டர் கொட்டகைக்குப் போய்விட்டான். பள்ளிக்கூடத்தில் பாட்டுச் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்த அவன் மனைவி ஆர்லிஸ் கோட்டைக்கூடக் கழற்றாமல் பிரித்துப் படித்தாள். வருகிற நவம்பரில் நெப்ராஸ்கா மாநில மாணவர் கொயரை, அதாவது சேர்ந்து பாடும் குழுவை, அவள் நடத்தித் தர வேண்டும் என்று தேர்வுக் குழு கேட்டிருந்தது.

மாநிலம் முழுக்கப் பள்ளிகளிலிருந்து குரல் பார்த்துத் தேர்ந்தெடுத்த முந்நூற்றைம்பது பிள்ளைகள். மூன்று நாள் ஒத்திகை, நான்காம் நாள் மேடை. அந்த மேடையில் பெரிய பல்கலைக்கழகப் பேராசிரியர்கள்தான் கை வீசி நடத்துவார்கள். பட்டிக்காட்டுப் பள்ளிக்கூட ஆசிரியை யாரும் அதுவரை அங்கே ஏறியதில்லை.

கொட்டகைக்கு ஓடிப்போய் ஜீனிடம் சொன்னாள். அவன் கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்துக்கொண்டே கேட்டான்: "நம்ம வெஸ்லின்ல டிராஃபிக் லைட்டே கிடையாது. இங்கேருந்து ஒருத்தி போய் முந்நூத்தம்பது பிள்ளைங்களை நிறுத்தி ஓட்டப் போறியா?"

"ஆமா. உனக்கு என்ன இப்போ?"

"எனக்கென்ன! முன் வரிசையில எனக்கு ஒரு சீட் போட்டு வை. தூங்கினா எழுப்பக்கூடாது."

அடுத்து அவள் போன் செய்தது டெல்வின் ராட்கேவுக்கு. கல்லூரியில் ஒன்றாகப் படித்தவன். அவள் கல்யாணத்தில் பியானோ வாசித்தவன். அறுபது மைல் தள்ளி, கொஞ்சம் பெரிய ஊர்ப் பள்ளியில் கொயர் ஆசிரியர். மாநிலக் கொயருக்குக் குரல் தேர்வதில் பல வருடமாக நடுவர்.

"நிஜமாவா? அடி கள்ளி! ஒரு வார்த்தை மூச்சு விடலையே நீ!"

"எனக்கே இப்பதான் தெரியும்."

"முதல்ல அந்தப் பழைய கறுப்பு கவுனைத் தூக்கிப் போடு, தாயே. முழங்கை வெளுத்துப் போச்சு. மூவாயிரம் பேர் உன் முதுகைத்தான் பாக்கப் போறாங்க."

இருவரும் போனில் வெகுநேரம் சிரித்தார்கள். வைக்கும்போது டெல்வினின் குரல் கம்மியிருந்தது. அழுகிறான் என்று நினைத்தாள். தனக்காக அழவும் ஒருவன் இருக்கிறானே என்று அவளுக்கு நெஞ்சு நிறைந்தது.

இந்த வேலையில் ஓர் ஆசிரியரின் பெயர் எப்படி வளர்கிறது என்றால், மாநிலக் கொயருக்கு அவர் பிள்ளைகளில் எத்தனை பேர் தேறினார்கள் என்பதை வைத்துத்தான். எண்ணிக்கை கூடினால் பக்கத்து மாவட்டம் தன் தேர்ந்த பிள்ளைகளை நடத்தித் தரக் கூப்பிடும். பிறகு பக்கத்து மாநிலம். ஆர்லிஸ் அப்படித்தான் சவுத் டகோட்டாவுக்கும் அயோவாவுக்கும் போய் வந்தாள். ஆனால் முதல் பத்து வருடம் அவள் பெயர் யாருக்கும் தெரியாது. தேறுவது வருடத்துக்கு ஒரு பிள்ளை. சில வருடம் அதுவும் இல்லை.

விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள் கூச்சப்பட்டவர்கள். பியானோவில் ஒரு சுரம் கொடுத்ததும் சட்டென்று வாயைத் திறந்தால் சுருதி கால் வீசம் இறங்கிப் போய்விடும். ஆர்லிஸ் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். சுரம் காதில் விழுந்ததும் வாயை மூடியபடி, இரண்டு எண்ணும் நேரத்துக்கு, 'ம்ம்' என்று மெல்ல முனகிப் பார்க்க வேண்டும். தொண்டை அந்தச் சுரத்தைத் தொட்டுவிடும். பிறகு பாடலாம். வகுப்பில் தினமும் செய்யவைத்தாள். இரண்டு வருடத்தில் வெஸ்லின் பிள்ளைகளுக்கு அது மூச்சு விடுவதுபோலப் பழகிவிட்டது.

1997-இல் ஆசிரியர் மாநாட்டுக்கு டெல்வினோடு ஒரே காரில் போனபோது, பேச்சுவாக்கில் இதை அவனிடம் சொன்னாள். "நல்லா இருக்கே, நானும் சொல்லிக் குடுக்கட்டுமா?" என்றான் அவன். "தாராளமா," என்றாள்.

அந்த வருடம் அவள் பிள்ளைகள் நான்கு பேர் தேறினார்கள். மறுவருடம் ஐந்து. அதற்கப்புறம் ஐந்துக்குக் குறைந்ததே இல்லை.

தேர்வு திரைக்குப் பின்னால் நடக்கும். ஐந்து நடுவர்களும் திரைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பார்கள். பிள்ளைக்கு ஒரு எண் மட்டும்தான். பெயர் கிடையாது, ஊர் கிடையாது, வாய் திறந்து ஒரு வார்த்தை பேசவும் கூடாது. 2008 அக்டோபரிலும் அப்படித்தான் நடந்தது. வெஸ்லினிலிருந்து ஆறு பேர் தேறினார்கள். தாங்கள் 'மிஸஸ் கே' என்று கூப்பிடும் ஆர்லிஸ் நடத்தப்போகிற கொயரிலேயே தாங்களும் பாடப்போகிறோம் என்று அந்த ஆறு பேருக்கும் கால் தரையில் பாவவில்லை.

தேர்வு முடிந்தபிறகு எல்லா ஊர்ப் பிள்ளைகளின் மதிப்பெண் தாள்களும் பெயரோடு பள்ளிகளுக்கு வரும். வேறொரு ஊரில், மகள் இரண்டு வருடமாக ஒரே ஒரு மதிப்பெண்ணில் தவறிப்போன ஒரு தகப்பன் இருந்தார். பயிர் இன்ஷூரன்ஸ் கணக்குப் பார்ப்பவர். தெரிந்த ஆசிரியர்களிடம் கடைசிச் சில வருடத் தாள்களைக் கேட்டு வாங்கி வரிசையாகப் பரப்பி வைத்துப் பார்த்திருக்கிறார். நான்கு நடுவர்கள் வெஸ்லின் பிள்ளைகளுக்கு ஏறக்குறைய ஒரே மாதிரி போட்டிருந்தார்கள். மூன்றாம் நடுவர் மட்டும், எந்த வருடத் தாளை எடுத்தாலும், மூன்று மதிப்பெண் கூட. அவர் தேர்வுக் குழுவுக்கு எழுதினார்.

ஆர்லிஸை ஒரு சனிக்கிழமை காலை கியர்னிக்கு வரச் சொன்னார்கள். ஓட்டலில் ஒரு கூட்ட அறை. தேர்வுக் குழுத் தலைவி மார்வெலா டீட்கே மேசைக்கு அந்தப் பக்கம். ஏற்பாடுகளைப் பற்றிப் பேசத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று நினைத்து ஆர்லிஸ் பாட்டுத் தாள்களைப் பையில் கொண்டுவந்திருந்தாள்.

"மிஸஸ் கோவாரிக், உங்க பிள்ளைங்க பாடறதுக்கு முன்னாடி முனகுவாங்களா?"

"ஆமா. சுருதி பிடிக்க. ஏன்?"

"இது உங்க பிள்ளைங்கன்னு நடுவருக்குத் தெரியறதுக்காகவா?"

ஆர்லிஸுக்குக் கேள்வியே புரியவில்லை. மார்வெலா ஒரு தாளை எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். மூன்றாம் நடுவரான டெல்வின் எழுதிக் கொடுத்திருந்த வாக்குமூலம். '1997-ஆம் ஆண்டு திருமதி கோவாரிக் தம் மாணவர்களின் இந்தப் பழக்கத்தைப் பற்றி என்னிடம் தாமாகவே தெரிவித்தார். அதைக் கேட்டால் நான் அடையாளம் கண்டுகொள்ள வேண்டும் என்று அவர் எதிர்பார்ப்பதாகப் புரிந்துகொண்டேன். பழைய நட்பின் காரணமாக என்னால் மறுக்க முடியவில்லை.'

"அவர்கிட்ட சொன்னீங்களா, இல்லையா?"

"சொன்னேன். ஆனா..."

"சொன்னீங்க," என்று மார்வெலா குறித்துக்கொண்டார்.

அதன்பின் ஆர்லிஸ் என்ன சொன்னாலும் ஏற்கெனவே குற்றத்தை ஒப்புக்கொண்டவள் சமாளிப்பதுபோலவே ஒலித்தது. அவள் காதுக்கே அப்படிக் கேட்டது. விசாரணை முடியும்வரை மாநிலக் கொயரை வேறொருவர் நடத்துவார் என்றார்கள். மூன்றாம் நடுவரின் மதிப்பெண்ணைத் தள்ளிவிட்டு மறுபடி கூட்டியிருந்தார்கள். வெஸ்லினின் ஆறு பேரில் நான்கு பேர் வெளியே.

திரும்பும் வழியில் நேராக டெல்வின் வீட்டுக்கு வண்டியை விட்டாள். அவன் ஏணி போட்டுக் கூரை ஓரத்து மழைநீர்த் தகரக் குழாயில் அடைத்திருந்த இலைகளை அள்ளிக்கொண்டிருந்தான். காரைப் பார்த்ததும் அவன் கை நின்றது. ஜன்னலில் அவன் மனைவி நோரீனின் முகம் தெரிந்து மறைந்தது.

"இறங்கி வா."

இறங்கினான். ஈரக் கையுறையைக் கழற்றினான். கழற்றிக்கொண்டே இருந்தான்.

"என் பிள்ளைங்களுக்கு மார்க் போடுன்னு நான் எப்படா உன்கிட்ட கேட்டேன்?"

"கேக்கல."

"கேட்டேன்னு எழுதியிருக்கியே."

"நீ கேட்டதா எழுதல, ஆர்லி. நான் அப்படிப் புரிஞ்சுக்கிட்டேன்னுதான்..." அவன் தரையைப் பார்த்துச் சொன்னான். "வக்கீல்தான் அப்படி எழுதச் சொன்னான். நானா செஞ்சேன்னா வேலையே போயிடும். ரெண்டு பேரும் சேர்ந்து செஞ்சதுன்னா ஒரு எச்சரிக்கையோட விட்டுடுவாங்களாம். உனக்கும் பெரிசா ஒண்ணும் ஆகாதுன்னு நினைச்சேன்."

"பெரிசா ஒண்ணும் ஆகாதா?"

அவன் கையுறையை ஏணிப் படியில் தொங்கவிட்டான்.

"சரி, அதை விடு. மார்க் ஏன் போட்ட? அதைச் சொல்லு எனக்கு."

"ஒவ்வொரு வருஷமும் எட்டு பிள்ளைங்களை வேன்ல ஏத்திட்டு வருவ. ஒண்ணு தேறும். திரும்பிப் போறப்ப உன் மூஞ்சியைப் பாக்க முடியாது. நம்ம வகுப்புலயே நீதான் கெட்டிக்காரி. போய் அந்த ஊர்ல விழுந்து கிடந்த. சோளத்தையும் ஜீனையும் விட்டா உனக்கு அங்க என்ன இருக்கு? ஏதோ என்னால ஆனது."

"என்னைப் பாத்துப் பரிதாபப்பட்டிருக்க. பதினோரு வருஷமா."

"சிநேகிதியாச்சேன்னு..."

"நீ மூணு மார்க் கூட்டினப்போ யாரோ ஒரு பிள்ளை வெளியே போயிருக்கு, டெல்வின். வருஷா வருஷம். அதுக்கும் ஒரு டீச்சர் இருந்திருப்பா. அவ மூஞ்சியை நீ பாத்தியா?"

மார்ச் மாதம் போனில் அவன் குரல் ஏன் கம்மியது என்று அப்போது அவளுக்குப் புரிந்தது. அது சந்தோஷ அழுகை இல்லை, பயம். தான் போட்ட மார்க்கு அவளை எங்கே கொண்டுபோய் ஏற்றிவிட்டது என்று பார்த்துப் பயந்திருக்கிறான். காரில் ஏறியவள் வெஸ்லினுக்குத் திரும்ப வேண்டிய சாலையைத் தாண்டி இருபது மைல் போனபிறகுதான் கவனித்தாள்.

நடந்ததையெல்லாம் ஜீன் முழுசாகக் கேட்டான். "அவன் காலை உடைச்சிட்டு வரட்டுமா?" என்றான். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அறுவடை பாதியில் நின்றாலும் பரவாயில்லை என்று இரண்டு நாள் வீட்டிலேயே இருந்தான்.

திங்கட்கிழமை பிள்ளைகளிடம் சொல்ல வேண்டியிருந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆறு பேரையும் பாட்டு அறைக்குக் கூப்பிட்டாள். அன்று சில்லி என்கிற பீன்ஸ் இறைச்சிக் குழம்பும் இலவங்கப்பட்டை ரொட்டியும். ட்ரென்ட் என்ற பையன் மிச்ச ரொட்டியைக் காகிதத்தில் சுற்றிக் கையோடு கொண்டுவந்திருந்தான். ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். எந்த நான்கு பேர் என்பதையும் சொன்னாள்.

ஷைலா ஹ்ருஸ்கா என்ற பெண் கை தூக்கினாள். அவள் பெயரும் அந்த நான்கில் இருந்தது. "எங்கம்மா பாட்டிக்கெல்லாம் டிக்கெட் வாங்கிட்டாங்க, மிஸஸ் கே."

"தெரியும்மா."

"நான் தப்பு ஒண்ணும் பண்ணலையே? நீங்க சொன்னபடிதானே முனகினேன்?"

"நீ தப்பே பண்ணல."

"நீங்க?"

"இல்ல," என்றாள் ஆர்லிஸ். ஷைலா அவளை நம்ப விரும்பியது முகத்தில் தெரிந்தது. முழுக்க நம்பவில்லை என்பதும் தெரிந்தது.

நவம்பரில் தேறிய இரண்டு பேரையும் ஆர்லிஸே காரில் கூட்டிப்போனாள். கடைசி நாள் மேல்மாடத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். கான்சாஸிலிருந்து வந்த ஒரு பேராசிரியர் நடத்தினார். மாற்ற நேரமில்லாததால் பாட்டு வரிசை ஆர்லிஸ் தேர்ந்தெடுத்ததே. எங்கே மூச்சு எடுக்க வேண்டும் என்று அவள் பென்சிலால் குறித்தவை அச்சாகிப் பிள்ளைகள் கையில் இருந்தன. முன்னோர் செக் நாட்டிலிருந்து வந்த ஜீன் வீட்டில் தலைமுறையாகப் பாடும் ஒரு செக் பாட்டையும் அவள் சேர்த்திருந்தாள். செக் மொழியில் நாக்கு நுனியை அதிரவைத்துச் சொல்லும் ஓர் எழுத்து உண்டு. அதைச் சொல்லிக்கொடுக்க அரைமணி நேரம் ஒதுக்கி வைத்திருந்தாள். பேராசிரியருக்கு அது தெரியாது. முந்நூற்றைம்பது பிள்ளைகளும் அதைத் தப்பாகவே, மிக இனிமையாகப் பாடினார்கள். அரங்கம் எழுந்து நின்று கை தட்டியது. ஆர்லிஸும் எழுந்தாள். பிள்ளைகள் பாடியதற்குக் கை தட்டத்தானே வேண்டும்.

மே மாதம் குழுவிடமிருந்து கடிதம் வந்தது. இரண்டே வரி. திருமதி கோவாரிக்கின் மேல் குற்றம் நிரூபிக்கப்படவில்லை, ஒத்துழைப்புக்கு நன்றி. மறுபடி நடத்த வரும்படி யாரும் கேட்கவில்லை. பக்கத்து மாநிலங்களின் அழைப்பும் நின்றது. டெல்வினை நடுவர் பட்டியலிலிருந்து எடுத்தார்கள், வேலை போகவில்லை. கிறிஸ்துமஸுக்கு ஒரு வாழ்த்தட்டை அனுப்பினான். ஜீன் அதைப் பிரிக்காமல் அடுப்பில் போட்டான். அவள் தடுக்கவில்லை.

2009 அக்டோபரில் எட்டுப் பேரைத் தேர்வுக்குக் கூட்டிப்போனாள். இரண்டு பேர் தேறினார்கள். அதற்கடுத்த வருடம் மூன்று. எட்டுக்கு இரண்டு, மூன்று என்பது அந்த அளவு சின்னப் பள்ளிக்கு நல்ல எண்ணிக்கைதான். டெல்வின் கை வைக்காமல் விட்டிருந்தால் அவள் சந்தோஷமாகவே இருந்திருப்பாள்.

அந்தக் குளிர்காலத்தில் டானிஸ் போன் செய்தாள். பழைய மாணவி, மூன்று வருடம் தொடர்ந்து மாநிலக் கொயரில் பாடியவள். அந்தத் தெம்பில்தான் இசை படிக்கப் போனாள். இப்போது வயோமிங்கில் அவளும் கொயர் டீச்சர். வழக்கமான பேச்செல்லாம் முடிந்தது.

"மிஸஸ் கே, ஒண்ணு கேக்கணும். நான் நிஜமா தேறினேனா?"

ஆர்லிஸுக்கு அவள் குரல் ஞாபகம் இருந்தது. நல்ல ஆல்டோ, தாழ்ந்த ஸ்தாயி. தேறியிருக்கக்கூடிய குரல்தான். 'நிச்சயமா' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் தன்னைத் தட்டிக்கொடுப்பதற்காக இன்னொருவன் பதினோரு வருடம் செய்ததும் இதேதான் என்று தோன்றியது.

"தெரியல, டானிஸ். உன் குரல் நல்ல குரல். ஆனா அந்த மார்க்கை நான் இனிமே நம்ப முடியாது."

"ஆமான்னு சொல்லியிருக்கலாமே, மிஸஸ் கே."

"சொல்லியிருக்கலாம்."

டானிஸ் நன்றி சொல்லிவிட்டு வைத்தாள். அதன்பின் அவளிடமிருந்து போன் வரவில்லை.

பள்ளிக்கு வந்த தாள்களை ஆர்லிஸ் சேர்த்து வைத்ததில்லை. மறுநாள் அவள் தேர்வுக் குழுவுக்கு எழுதினாள். 1997 முதல் தன் பிள்ளைகள் எல்லோருடைய மதிப்பெண் தாள்களும் வேண்டும், மூன்றாம் நடுவரின் வரியைத் தள்ளிவிட்டுத் தானே கூட்டிப் பார்க்க வேண்டும் என்று. மார்வெலா மரியாதையாகவே பதில் போட்டார். தாள்களை ஐந்து வருடம்தான் வைத்திருப்பார்களாம். அதற்கு முந்தையதெல்லாம் கிழித்தாகிவிட்டதாம். இருந்த தாள்களின் நகலை அனுப்பியிருந்தார். டானிஸ் படித்த வருடங்கள் அதில் இல்லை.