ஒமோடிங்கின் கைராசி

சோரோட்டிச் சாலைச் சந்தையில் பல் பிடுங்கும் ஒமோடிங்குக்கு வாய் ஓயாது. அவனிடம் வருகிறவர்களுக்குத்தான் வாயைத் திறந்தும் பேச முடியாது. தன் கைக்கு அப்படியொரு ராசி என்பான். குறடைக் கண்டதும் பல் தானாக எழுந்து வருமாம். மாலையில் கேழ்வரகுக் கள்பானையைச் சுற்றி உட்கார்ந்தாலும் இதே புராணம்தான். மற்றவர்கள் பானைக்குள் விட்ட நீளக் குழலை வாயிலிருந்து எடுக்காமல் உறிஞ்சிக்கொண்டிருந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஒருநாள் தங்கை அமுலென் தன் ஐந்து வயது மகள் அஸியோவைக் கூட்டி வந்தாள். குழந்தைக்கு வலது தாடை வீங்கி, கடைவாய்ப் பல் ஆடியது. ஒமோடிங் பிடுங்கினான், அவள் முனகக்கூட இல்லை. அன்றைக்குப் பானையடியில் அவனைப் பிடிக்க முடியவில்லை. அடுத்த வாரம் பக்கத்துப் பல்லும் ஆடி, அதுவும் பூப்போல வந்தது. வீக்கம் மட்டும் இறங்காமல் மேலே ஏறியது. வேர் பாக்கி இருக்கிறது என்றார் நமது மேதை.

மறுபடி வந்தபோது குழந்தையின் வலக்கண் பிதுங்கியிருந்தது. வாயில் இட்ட களி கன்னத்திலேயே கிடந்தது. ஒமோடிங் உள்ளே விரலை விட்டுப் பார்த்தான். குறடு பெட்டிக்குள் கிடக்க, பல் விரலோடு வந்துவிட்டது.

"ராசி ராசின்னு சொன்னியேண்ணே, கொறடையே நீ தொடலை. இது யாரு ராசி?" என்றாள் அமுலென்.

ஒமோடிங்குக்குப் பயம் வந்தது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு வண்டியைத் தேடி ஓடினான்.

பெரிய ஆஸ்பத்திரியின் டாக்டரம்மாவுக்குப் பார்த்தவுடனே சந்தேகம் தட்டிவிட்டது. துளி சதை எடுத்துப் பார்த்து உறுதி செய்தார். இந்தப் பக்கத்துப் பிள்ளைகளின் தாடையில் வருகிற புற்று இது, பல்லை அதுவே ஆட்டித் தள்ளிவிடும், மடமடவென்று வளரும், ஆனால் மருந்துக்குக் கரையும் என்றார். வீங்கிய தாடையில் முதல் பல் ஆடியபோதே வந்திருக்க வேண்டுமாம். பல்லை யார் பிடுங்கியது என்று கேட்டார். ஊரெல்லாம் தன் பெயரைத் தானே பாடித் திரிந்தவன், கூரையில் எதையோ தேடினான்.

"எங்கண்ணன்தாம்மா," என்றாள் அமுலென். "பெரிய கைராசிக்காரரு."

மருந்து ஏறியது, முடி கொட்டியது, வீக்கம் கரைந்தது. கண்ணும் தப்பியது. அஸியோ பிழைத்துவிட்டாள். இப்போது சந்தை நாளில் மாமன் கடையில் வந்து குந்திக்கொள்கிறாள். எந்தப் பிள்ளை வாயைத் திறந்தாலும், அவன் குறடை எடுப்பதற்குள் முந்திக்கொள்கிறாள்.

"மாமா, கன்னம் வீங்கியிருக்கா? பல்லு சும்மாவே வருதா?"

ஆமென்றால் குறடு பெட்டிக்குள் போக வேண்டும், பிள்ளை ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மாமன் தன் ராசியைப் பற்றி ஆரம்பித்தால், அவள் பொக்கை வாயைத் திறந்து காட்டுகிறாள்.